கிளிகளிடம் கொடுத்துவைத்த வழி

மூங்கில்துறைக் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. கூட்டம் என்றால் ஏழெட்டு யானை என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தம் எண்பத்து மூன்று. கிளம்பினால், முன்னால் போகிறவள் ஓடையைத் தாண்டி மேடேறியிருப்பாள், கடைசி யானை இந்தப் பக்கம் நின்று மூங்கில் தின்றுகொண்டிருக்கும்.

கூட்டத்துக்குத் தலைவி பெரியநாயகி. எல்லோருக்கும் அவள் பெரியம்மா. நல்லவள்தான். ஆனால் சத்தம் ஆகாது அவளுக்கு. யாராவது இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், தலைவலி வந்துவிடும்.

பெரிய கூட்டத்துக்குத் தாகமும் பெரிது. ஒரு மடு ஒரு வாரம் தாங்காது. அதனால் எந்த மாதம் எங்கே தண்ணீர் கிடக்கும், அங்கே போக எது வழி, வழியில் எங்கே பள்ளம், எங்கே வழுக்குப் பாறை என்பதை நினைவில் வைத்துக்கொள்வதற்கென்றே ஐந்து பெண் யானைகள் இருந்தார்கள். வழிக்காரிகள் என்று அவர்களுக்குப் பெயர். அந்த ஐவரில் ஒருத்திதான் காத்தாயி. இந்தக் கதை அவளுடையது.

வழிக்காரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பி எல்லா வழியையும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். பிறகு தினமும் சாயங்காலம் வட்டமாக நின்று அவரவர் வழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற நாலு பேரும் கேட்பார்கள். அங்கேதான் தகராறு ஆரம்பிக்கும்.

காத்தாயி, மூன்றாவது மருதமரத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்பாள். உடனே ஒச்சாயி குறுக்கே விழுவாள். அவள் காத்தாயியின் சித்தி மகள். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதில்லை. அது மூன்றாவது மரமில்லை, நாலாவது, நடுவில் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது, அதை நீ எண்ணவில்லை என்பாள். பட்டுப்போனதை எதற்கு எண்ண வேண்டும் என்பாள் காத்தாயி. காதுகள் படபடக்கும். புழுதி பறக்கும். மற்ற மூன்று பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வார்கள். கடைசியில், யார் சொன்னது சரி என்று மறுநாள் காலை ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தோற்றவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள்.

இப்படியே வருஷக்கணக்காக நடந்தது. கூட்டம் ஒரு கோடையிலும் தாகத்தில் தவித்ததில்லை. பெரியநாயகிக்கு மட்டும் தினமும் சாயங்காலம் தலைவலி.

அப்படி ஒரு காலத்தில்தான் ஓர் உண்ணிக்கொக்கு பறந்து வந்து பெரியநாயகியின் முதுகில் இறங்கியது. பெயர் வெள்ளைத்துரை. பேருக்கேற்ற வெள்ளை, நீளக் கால், நிதானமான நடை. யானை முதுகிலும் மாட்டு முதுகிலும் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்கிற இனம்தான் அது. ஆனால் கேட்டால் தன் தொழில் அதுவென்று சொல்லாது. ஆலோசகர் என்றுதான் சொல்லும். உண்ணியெல்லாம் சும்மா, போகிற போக்கில் தின்பது.

வெள்ளைத்துரை பத்து நாள் கூட்டத்தில் தங்கினார். ஒவ்வொரு முதுகாக மாறி மாறி உட்கார்ந்து, நீ என்ன வேலை செய்கிறாய், எதற்குச் செய்கிறாய், எவ்வளவு நேரமாகிறது என்று விசாரித்தார். காத்தாயி வெகுளியாக எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் அவள் சொன்னதை மாலையில் பெரியநாயகியிடம் கழுத்தை நீட்டி, நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னார் வெள்ளைத்துரை. பெரியநாயகி அசந்துபோனாள். வந்து பத்து நாள் ஆகவில்லை, நம் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாரே என்று மாய்ந்து போனாள். அத்தனையும் காத்தாயி பல வருஷமாக அவளிடம் சொன்னதுதான். சொந்தக்காரி சொன்னபோது காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். காது பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா?

பதினோராவது நாள் வெள்ளைத்துரை தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, உங்க கூட்டத்தோட வேலை என்ன? மேயுறது, குட்டிகளை வளர்க்கிறது, ஒத்துமையா இருக்கிறது. வழியை மனப்பாடம் பண்றது உங்க வேலையா? அதுக்குன்னு அஞ்சு பேர். அஞ்சு பேரும் அஞ்சு விதமாச் சொல்றாங்க. தினம் சண்டை வேற. இந்தச் சுமையை நீங்க எதுக்குத் தலையில வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"வேற எங்கே இறக்கி வைக்கிறது துரை?" என்று கேட்டாள் பெரியநாயகி.

வெள்ளைத்துரை அலகைத் தூக்கிப் பாறை மேட்டைக் காட்டினார். அங்கே ஒற்றை இலவமரம் ஒன்று வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் பொந்துகளில் நானூறு கிளிகள் இருந்தன. தலைமைக் கிளி மரகதம். அவர்களிடம் எதைச் சொல்லி வைத்தாலும் சொன்னது சொன்னபடி இருக்கும். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. ஒரே விஷயத்தை மூன்று கிளிகள் மூன்று பொந்தில் வைத்திருக்கும். ஒரு கிளியைப் பருந்து தூக்கிக்கொண்டு போனாலும் விஷயம் போகாது. காட்டுமாடுகள் ஏற்கெனவே தங்கள் மேய்ச்சல் வழிகளை அங்கேதான் சொல்லி வைத்திருக்கின்றன. மான்களும் அப்படியே. எப்போது வேண்டுமானாலும் மரத்தடிக்குப் போய்க் கேட்டால் போதும், ஒரு கிளி கூடவே வந்து திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லும். பதிலுக்கு யானைகள் செய்ய வேண்டியது, விளாம்பழத்தை மிதித்து உடைத்து மரத்தடியில் போடுவது. அந்தக் கெட்டி ஓட்டை உடைக்கக் கிளிகளால் முடியாது.

அதே இலவமரத்தில் வெள்ளைத்துரைக்கும் உட்கார ஒரு நல்ல கிளை இருந்தது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதைக் கேட்டுக் காத்தாயி கொதித்துப்போயிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அப்போது அவள் வயிற்றில் குட்டி. பதினைந்தாவது மாதம். கால் வீங்கியிருந்தது. அந்த வாரம்தான் பட்டுப்போன மருதமர விஷயத்தில் ஒச்சாயியிடம் தோற்றிருந்தாள். பெரியநாயகி அவளைக் கூப்பிட்டு, உனக்கு இதில் சம்மதமா என்று கேட்டபோது அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அப்பாடா" என்பதுதான்.

ஒச்சாயி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "மழை முடிஞ்சு நாம நடந்து பாக்குறோமே, அதை யார் செய்வாங்க?"

வெள்ளைத்துரை சிரித்தார். வழியெல்லாம் மலைமேல் போட்ட பாறை மாதிரி, அது எங்கே எழுந்து போகப் போகிறது என்று கேட்டார். எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்ததால், ஒச்சாயியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காத்தாயி ஒன்பது நாள் இலவமரத்தடியில் நின்று தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொன்னாள். மற்ற நாலு பேரும் அப்படியே சொன்னார்கள். கிளிகள் கேட்டுக்கொண்டன. பத்தாம் நாள் மரகதம் கீழ்க்கிளைக்கு இறங்கி, கரடிமடுவுக்குப் போகிற வழியைக் கடகடவென்று ஒப்பித்துக் காட்டியது. நடுவில் காத்தாயி எங்கே இருமினாளோ அங்கே அதுவும் "க்கும்" என்று இருமியது. எங்கே அவள் "இடது பக்கம், இல்லை இல்லை, வலது பக்கம்" என்று தடுமாறினாளோ அங்கே அதுவும் தடுமாறியது. கூட்டமே சிரித்தது. காத்தாயிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் மரத்தடிக்குப் போனார்கள், கிளி கூட வந்தது, வழி சொன்னது, குடித்தார்கள், வந்தார்கள். சாயங்காலச் சண்டை நின்றது. பெரியநாயகிக்குத் தலைவலியும் நின்றது. வழிக்காரிகள் மற்றவர்களோடு சேர்ந்து மேய்ந்து சதை போட்டார்கள். ஐவரில் இரண்டு பேர் வேறு கூட்டத்தோடு போய்விட்டார்கள். ஒருத்திக்கு வழியெல்லாம் சுத்தமாக மறந்துபோய்விட்டது. மறந்ததைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை, கிளிகள்தான் இருக்கின்றனவே.

காத்தாயிக்குப் பெண் குட்டி பிறந்தது. பிச்சி என்று கூப்பிட்டாள். பிச்சி பொல்லாத வால். அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னால், பெரியநாயகியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

இரண்டு மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு வழிக்காரியும் நடந்து பார்க்கப் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

மூன்றாவது வருஷம் கோடை முன்கூட்டியே வந்துவிட்டது. பங்குனி பிறப்பதற்குள் பக்கத்து மடுக்கள் இரண்டும் வற்றிச் சேறாகி, சேறும் காய்ந்து வெடித்தது. இப்படிப்பட்ட கோடையில் கூட்டம் போகிற இடம் கரடிமடு ஒன்றுதான். அது எப்போதும் வற்றாது. ஆனால் இரண்டு நாள் நடை. பெரியநாயகி கூட்டத்தை அழைத்துக்கொண்டு இலவமரத்தடிக்குப் போனாள்.

மரத்தில் ஒரு கிளிகூட இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் தினை முற்றியிருந்தது. நானூறு கிளிகளும் தினை தின்னப் போயிருந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொந்துகள் காலியாகக் கிடந்தன. மரத்தடியில் மட்டும் நிற்க இடமில்லை. காட்டுமாடுகள் நின்றன. புள்ளிமான்கள் நின்றன. காட்டுப்பன்றி ஒன்று குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை பேர் ஒரே மரத்தை நம்பியிருக்கிறோம் என்பதே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளைத்துரை அங்கேதான் இருந்தார், காட்டுமாட்டுத் தலைவனின் முதுகில். பெரியநாயகி அவரிடம் விசாரித்தாள்.

"இது எப்பவோ ஒரு தடவை நடக்கிறதும்மா. கவலைப்படாதீங்க," என்றார் வெள்ளைத்துரை.

"எப்ப வருவாங்க துரை?"

"கூடிய சீக்கிரம்."

கூடிய சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று ஒச்சாயி கேட்டாள். வெள்ளைத்துரை காட்டுமாட்டின் காதுக்குப் பின்னால் ஓர் உண்ணியைத் தேடிப் போய்விட்டார்.

ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. கிளம்பிவிடலாம் என்று காத்தாயி நினைத்தாள். ஆனால் எந்தத் திசை? கரடிமடு வழியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். மருதமரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தான் வாயால் சொன்ன வழி தனக்கே தெரியவில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒச்சாயிக்குப் பாதி நினைவிருந்தது. பாதியை நம்பி எண்பத்து மூன்று பேரை, இல்லை, இப்போது எண்பத்தாறு பேரை, எப்படிக் கூட்டிப் போவது?

பிச்சி இரண்டு நாளாகத் துள்ளவில்லை. அம்மாவின் முன்னங்காலில் சாய்ந்துகொண்டு நின்றது. காத்தாயிக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது.

மூன்றாம் நாள் காலை வானம் பச்சையானது. கிளிகள் வந்து இறங்கின. மரகதம் கீழ்க்கிளைக்கு வந்து, இவ்வளவு பேர் காத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று வருத்தம் சொன்னது. வருத்தம் உண்மையானதுதான். திட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் தெம்பில்லை. மரகதமே காத்தாயியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கூட்டம் கிளம்பியது.

வழி ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. மருதமரம், வழுக்குப் பாறை, மூங்கில் புதர், "க்கும்", இடது பக்கம், இல்லை இல்லை, வலது பக்கம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதல் நாள் முழுக்க நடந்தார்கள். இரண்டாம் நாள் நண்பகலில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓர் ஓடைக்குள் இறங்கினார்கள். ஓடை காய்ந்து கிடந்தது. கூழாங்கல் சுட்டது. ஓடை வழியே கொஞ்ச தூரம் போனதும் காத்தாயி நின்றுவிட்டாள்.

முன்னால் மலை நின்றது. மண்ணும் பாறையும் வேரோடு சாய்ந்த மரங்களுமாக, குன்றின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து ஓடையை அடைத்திருந்தது. அதன்மேல் புல் முளைத்திருந்தது. போன மழைக்கு முந்தின மழையிலேயே சரிந்திருக்க வேண்டும்.

"நேராகப் போ," என்றது மரகதம். "ஓடை வழியே நேராகப் போ."

"எங்கே நேராப் போறது? கண்ணு தெரியலையா உனக்கு?"

"நேராகப் போ," என்று மறுபடியும் சொன்ன கிளி, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நான் என்ன செய்ய, காத்தாயி? இது நீ சொன்னது. நீ சொன்னதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்ல."

காத்தாயிக்குச் சுரீரென்றது. கிளி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மழை முடிந்ததும் ஒருத்தி இந்தப் பக்கம் நடந்திருந்தால் போதும், அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஒருத்தி தான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்து நின்றது. பெரியநாயகி வழக்கம்போல முதுகைத் திரும்பிப் பார்த்தாள். முதுகில் யாரும் இல்லை. வெள்ளைத்துரை காட்டுமாடுகளோடு தங்கிவிட்டார். பிச்சி கால் மடங்கிக் கூழாங்கல்லில் உட்கார்ந்தது. எழுப்பிப் பார்த்தாள் காத்தாயி. எழுந்திருக்கவில்லை. இனி திரும்பிப் போகவும் முடியாது. திரும்பிப் போனால் இரண்டு நாள், அங்கேயும் தண்ணீர் இல்லை.

காத்தாயி பிச்சியின்மேல் தன் நிழல் விழுகிற மாதிரி நின்றுகொண்டு ஒச்சாயியைக் கூப்பிட்டாள்.

"நீ சொல்லுடி. எந்தப் பக்கம்?"

"இத்தனை நாள் என்னை யார் கேட்டீங்க?" என்றாள் ஒச்சாயி. ஆனாலும் முன்னால் வந்தாள். இடது குன்றில் ஏறிச் சுற்றிக்கொண்டு கரடிமடுவுக்குப் போய்விடலாம் என்றாள்.

அது இன்னும் ஒரு நாள் நடை, குட்டி தாங்காது என்றாள் காத்தாயி. இங்கேயே ஓடையைத் தோண்டினால் ஊற்று வரும் என்றாள். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். தும்பிக்கையால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டாள். வறட்டு மண். ஈரத்தின் ருசியே இல்லை.

"நான்தான் சொல்றேனே, இங்கே ஒண்ணும் வராது," என்றாள் ஒச்சாயி. "ஆனா ஒண்ணு. நான் இந்த ஓடைக்கு எத்தனையோ கோடையில வந்திருக்கேன். ஒரு தடவைகூட இப்படிக் காஞ்சு பாத்ததில்ல. கணுக்கால் அளவாவது ஓடும்."

"பொய். முழங்கால் அளவு ஓடும்."

"கணுக்கால்!"

"முழங்கால். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஒச்சாயி. நீ உளறாதே."

"சரி, உன் முழங்காலாவே இருக்கட்டும். அந்தத் தண்ணி இப்ப எங்கேடி போச்சு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த மண்மேட்டைப் பார்த்தார்கள். ஓடைக்குத் தண்ணீர் மேலிருந்து வருகிறது. ஓடையை மண் அடைத்திருக்கிறது. அப்படியானால் வந்த தண்ணீர் மண்ணுக்கு அந்தப் பக்கம்தானே நிற்க வேண்டும்? காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்ததால் வாசனை எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

காத்தாயி நெற்றியை லேசாக அசைத்தாள்.

"மரகதம், கொஞ்சம் மேலே பறந்து போய் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு வர்றியா?"

"பாக்கிறதா?" கிளிக்கே ஆச்சரியமாக இருந்தது. "சொல்றதுக்குத்தான் எங்களை வச்சீங்க. பாக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"இப்ப கேக்குறேன் தாயி. போயிட்டு வா."

மரகதம் எழும்பியது. மண்மேட்டுக்கு மேல் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்து மறைந்தது. காத்தாயி பிச்சியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தொட்டால் சுட்டது.

கிளி சீக்கிரமே திரும்பி வந்தது. வந்து காத்தாயியின் தலைமேல் உட்கார்ந்தது. அது வாய் திறப்பதற்கு முன்பே பெரியநாயகி பார்த்துவிட்டாள். கிளியின் அலகு நனைந்திருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு காத்தாயியின் நெற்றியில் விழுந்து கண்ணோரம் வழிந்தது.

அதற்கப்புறம் யாருக்கும் வழி சொல்லத் தேவைப்படவில்லை. வலது பக்கம் மூங்கில் சரிவில் ஏறி, மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிச்சியைப் பெரியநாயகி பின்னாலிருந்து நெற்றியால் தள்ள, ஒச்சாயி தும்பிக்கையைக் கொடுத்து மேலே இழுத்தாள். மேட்டின் உச்சிக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கீழே, முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு பெரிய ஏரி கிடந்தது. இரண்டு வருஷத்துத் தண்ணீர். நிரம்பி வழிந்தது மறுபக்கச் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரடிமடுவைவிட நாலு மடங்கு பெரிது, அதைவிட அரை நாள் கிட்டத்தில். இரண்டு வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. கிளிகளிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் வந்து பார்க்கவில்லை.

காத்தாயி முதலில் தும்பிக்கை நிறைய உறிஞ்சிப் பிச்சியின் வாயில் விட்டாள். பாதி வெளியே வழிந்தது. இரண்டாம் முறை விழுங்கியது. மூன்றாம் முறை தானாகவே தண்ணீரில் இறங்கி, முகத்தை முக்கி, அம்மாவின்மேல் பீய்ச்சி அடித்தது. காத்தாயி அழுதுவிட்டாள். முகமெல்லாம் தண்ணீர் என்பதால் வெளியே தெரியவில்லை.

எல்லோரும் குடித்த பிறகுதான் பெரியநாயகி குடித்தாள். குடித்துவிட்டுக் காத்தாயியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ சொன்னப்பவெல்லாம் நான் காது கொடுத்திருக்கணும்டி."

"நான் மட்டும் என்னவாம் பெரியம்மா? மொதல்ல அப்பாடான்னு சொன்னவ நான்தானே," என்றாள் காத்தாயி.

கூட்டம் அந்தக் கோடையை ஏரிக்கரையிலேயே கழித்தது. மழை வந்ததும் மூங்கில்துறைக்குத் திரும்பினார்கள். கிளிகளை அவர்கள் விட்டுவிடவில்லை. எதற்கு விட வேண்டும்? கிளிகள் செய்த வேலை நல்ல வேலை. எண்பத்தாறு பேரின் வழிகளைத் தலையில் சுமப்பது சும்மாவா? விளாம்பழம் வழக்கம்போல மரத்தடியில் விழுந்தது. ஆனால் மரகதத்திடம் காத்தாயி இரண்டு விஷயம் பேசி முடித்தாள். தினை தின்னப் போனால் பத்துக் கிளியாவது மரத்தில் இருக்க வேண்டும், போகுமுன் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டும். அடுத்தது, மழை முடிந்து வழிக்காரிகள் நடக்கும்போது ஒரு கிளியும் கூட வந்து பார்க்க வேண்டும். மரகதத்துக்குச் சந்தோஷம். புதிய ஏரிக்குப் போகிற வழியைக் காத்தாயி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டது, இருமலோடு சேர்த்து.

போய்விட்ட இரண்டு பேருக்குப் பதில் இரண்டு பேர் வழிக்காரிகளானார்கள். மறந்துபோனவள் மறுபடியும் முதலிலிருந்து நடந்தாள், முனகிக்கொண்டே.

ஒரு நாள் காலை வெள்ளைத்துரை பறந்து வந்து காத்தாயியின் முதுகில் இறங்கினார். வழிக்காரிகள் என்ன செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள், ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேர் இருந்தால் நல்லது என்று அன்பாக விசாரித்தார். காத்தாயியும் சொன்னாள். மாலையில் அவர் காட்டுமாட்டுத் தலைவனின் முதுகில் நின்று, கழுத்தை நீட்டிப் பேசிக்கொண்டிருந்ததை ஒச்சாயி பார்த்தாள். உங்கள் கூட்டத்துக்கென்று சொந்தமாக வழிக்காரர்கள் வேண்டும், இதை நான் வெகுநாளாக யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். காட்டுமாட்டுத் தலைவன் அசந்துபோய் நின்றானாம். ஒச்சாயி வந்து சொன்னபோது காத்தாயிக்குக் கோபம் வரவில்லை. போகட்டும், மாடுகளுக்காவது நல்லது நடக்கட்டும் என்றாள்.

சாயங்காலச் சண்டை மறுபடியும் ஆரம்பமானது. கணுக்காலா முழங்காலா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரு நாள் மட்டும் வழிக்காரிகள் ஐந்து பேரும் எதுவும் பேசாமல் நின்று மென்றுகொண்டிருந்தார்கள். பெரியநாயகி மேய்ச்சலை விட்டுவிட்டு வேகவேகமாக வந்தாள்.

"ஏன்டி, இன்னிக்கு ஒரு சத்தத்தையும் காணோம்? எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கவலையோடு கேட்டாள்.

எவ்வளவு பெரிய கூட்டமானாலும் சரி, எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் சரி, சுமையை வெளியே ஒப்படைக்கலாம், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணை மட்டும் வெளியே ஒப்படைக்கக் கூடாது.